கம்பளி போர்த்திய அண்டா

சூசையப்பன் மாமா எந்தப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாலும் அதை மல்லாக்கத்தான் வைப்பார். உள்பக்கம் மேலே பார்த்திருக்கும். அவர் வீட்டில் மட்டுமில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குடத்தைத் திறந்தாலும் அப்படித்தான். டீக்கடையில் யாராவது ஒரு மூடியைக் கவிழ்த்து வைத்திருந்தால், பேச்சை நிறுத்தாமலே கை போய் அதைத் திருப்பிவிடும். சின்ன வயதில் நான் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"தரையில பட்ட பக்கம்தான திரும்பப் போயி சோத்து மேல உக்காருது? நீ செருப்பைக் கழட்டித் தலையில வைப்பியாட்டி?" என்றார்.

இத்தனை கவனமுள்ள ஒருவர் சமைத்ததைச் சாப்பிட்டுத்தான் எங்கள் எஸ்டேட் ஒருநாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. அந்தப் பழி சம்பந்தமே இல்லாத ஒரு பெண் மேல் விழுந்தது. அதை நீக்க அவரால் மட்டும்தான் முடிந்திருக்கும். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதைத் தாண்டி என்னால் எங்கேயும் போக முடியவில்லை.

அவர் என் அம்மாவின் அண்ணன். மலையாளப் பக்கம் இருக்கும் பூப்பாறையிலிருந்து ஜீப்பில் ஏறி வரவேண்டிய எங்கள் எஸ்டேட்டில், தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். வாலிப வயதில் எஸ்டேட் கேன்டீனில் எடுபிடியாக இருந்தபோது சமையல் கைவந்திருக்கிறது. பிறகு எங்கள் வரிசை வீடுகளான லயங்களில் எந்தக் கல்யாணம், எந்தக் கருமாதி என்றாலும் அவர்தான். சமையல் கொட்டகைக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு பழைய சாக்ஸில் சோப்புக்கட்டியைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடுவார். கறி வெட்டிய பலகை காய் நறுக்கும் பக்கம் வரக்கூடாது. பீடி பிடித்துவிட்டு வந்தவன் மறுபடி கை கழுவ வேண்டும். மூக்கைத் தொட்டவனும் கழுவ வேண்டும். "சூசைகிட்ட வெங்காயம் உரிக்கப் போறதுன்னா ரெண்டாவது தடவை ஞானஸ்நானம் எடுத்துட்டுத்தான் போகணும்" என்று ஆண்கள் கிண்டல் செய்வார்கள். அவர் மனைவி அன்னாள் அத்தை, "எனக்குத் தெனமும் ஞானஸ்நானம்தான்" என்பாள்.

எங்கள் செபஸ்தியார் கோயில் திருவிழா தை மாதக் குளிரில் வரும். நேர்ந்துவிட்ட ஆடுகளையெல்லாம் வெட்டி ஒரே குழம்பாக வைத்து, எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதை அசனம் என்போம். எங்கள் தாத்தாக்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறியபோது கூடவே கொண்டுவந்த வழக்கம் அது. விடியும் முன் ஆடு அறுத்து, காலையெல்லாம் கறி வெந்து, மதியம் அடுப்பிலிருந்து நேராக இலைக்கு வரும். எழுந்து வர முடியாதவர்களுக்குத் தூக்குச்சட்டியில் போகும்.

நான் நெடுங்கண்டத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதிக்கொண்டு வீட்டில் இருந்த வருடம் அது. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் என்பதால், ஊரில் நடக்கும் எல்லாவற்றுக்கும் காரணம் எனக்குத் தெரிந்திருக்கும் என்று வீட்டில் நம்பினார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இருந்ததில்லை.

அந்த வருடம் ஒரு ஒற்றைத் தந்தக் காட்டுயானை எங்கள் பக்கம் இறங்கியிருந்தது. ரேஷன் கடையின் சுவரை இடித்து அரிசி தின்றுவிட்டுப் போனது. வெளிச்சம் வருவதற்கு முன் யாரும் வெளியே நடமாட வேண்டாம் என்று காட்டிலாகா ஆட்கள் சொல்லிவிட்டார்கள். விடியும் முன் ஆடு அறுப்பது எப்படி? கோயில் கமிட்டித் தலைவர் மிக்கேல்ராஜ், ஓய்வுபெற்ற சூப்பர்வைசர். அவர்தான் வழி சொன்னார்.

"சூசை, மொத நாளு இருட்டுறதுக்குள்ள கறியை முடிச்சு ஸ்டோர் ரூமுல ஏத்திருவோம். காலையில சோறு மட்டும் வடிச்சாப் போதும்."

"கறியை ராத்திரி வைக்கிறது சரிப்படாது அண்ணாச்சி."

"இது என்ன சங்கரங்கோவில் வெயிலா? வெளிய புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கெடக்கு. இந்தக் குளிர்ல பொணம்கூடக் கெடாதுடே."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டார்.

முந்தின நாள் சமையலுக்கு உதவ வந்தவர்களில் பூல்மணி என்ற பெண்ணும் இருந்தாள். ஜார்க்கண்டிலிருந்து புருசனோடு கொளுந்து எடுக்க வந்தவள். எங்கள் ஆட்கள் அவளைப் பூமணி என்றார்கள். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வந்து கடைசி வரிசையில் உட்காருவாள். பாட்டின் வார்த்தை தெரியாவிட்டாலும் மெட்டை மட்டும் முனகுவாள். கொட்டகை வாசலில் வந்து நின்று, நானும் செய்கிறேன் என்று சைகை காட்டினாள். மாமா குழாயில் தொங்கிய சாக்ஸைக் காட்டினார். அவள் முழங்கைவரை தேய்த்து, நகத்துக்கு அடியிலும் தேய்த்து, கையைப் புடவையில் துடைக்காமல் அப்படியே உதறிக்கொண்டு வந்து நின்றாள்.

"இவ ஒருத்தி போதும். நீங்கள்லாம் வீட்டுக்குப் போங்க" என்றார் மாமா. அதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. மறுநாள் பந்தியில் பரிமாற, கறி விளம்பும் கரண்டியை அவளிடம் கொடுப்பதென்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

பொழுது இறங்குவதற்குள் கறி இறங்கியது. பெரிய அண்டாக்களை மூடி ஸ்டோர் ரூமில் வைத்தார்கள். பெண்கள் வீடுகளுக்குப் போய், எஸ்டேட்டில் கொடுத்த கம்பளிகளைக் கொண்டுவந்தார்கள். எங்கள் மலையில் இது பழக்கம். துக்க வீட்டுக்குப் போகும் சோறானாலும், தூரத் தேயிலைக் காட்டில் வேலை செய்பவனுக்குப் போகும் சோறானாலும் கம்பளி சுற்றித்தான் போகும். ஒருவருக்கு ஆறிய சோறு போட்டால் அந்தப் பேச்சு வருடக்கணக்கில் நிற்கும். அதனால் அண்டாக்களைக் கைக்குழந்தையைச் சுற்றுவதுபோல இறுக்கிச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். மேலே செபஸ்தியார் படத்துப் பூமாலை ஒன்றையும் வைத்தார்கள்.

காலையில் யானை பாதையை விட்டு நகரவில்லை. அது தேயிலைக்குள் இறங்கி மறைந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. பனியில் நனைந்த விறகு பிடிக்கவில்லை. இருந்த அடுப்பு முழுக்கச் சோற்றுக்கே போதவில்லை. மாமா கம்பளியை விலக்கி அண்டாவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார்.

அன்னாள் அத்தையும் தொட்டுப் பார்த்தாள். "சூட்டைப் பாருங்க. தூங்கி எந்திரிச்ச புள்ளை மாதிரி இருக்கு."

"மறுபடியும் ஏத்திக் கொதிக்க விடணும்" என்றார் மாமா.

பூசை முடிந்து சனங்கள் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தைகள் இலையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மிக்கேல்ராஜ் ஓடிவந்தார். "சூடாத்தானடே இருக்கு? இன்னும் என்னத்தக் கொதிக்க வைக்கப் போற? சாமியார் வேற அடுத்த எஸ்டேட்டுக்குப் போகணும்."

மாமா ஒரு கரண்டி எடுத்துக் கையில் ஊற்றி ருசி பார்த்தார். உப்பு, காரம், மணம் எல்லாம் சரியாக இருந்தன. மூடியை மல்லாக்க வைத்துவிட்டுப் பந்தியைப் பார்த்தார். பிறகு, "எடுங்க" என்றார்.

பூல்மணியின் விரலில் கொளுந்து வெட்டும் கத்தரி பட்ட காயம் இருந்தது. துணி சுற்றியிருந்தாள். கரண்டியைக் கொடுக்கும் முன் மாமாவே அதைப் பார்த்து, புது பிளாஸ்டிக் கவர் ஒன்றை அந்தக் கை முழுக்க மாட்டி மணிக்கட்டில் ரப்பர் போட்டுவிட்டார். நான் பக்கத்தில் அப்பளக் கூடையோடு நின்றிருந்தேன்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் மஸ்டருக்குப் பாதிப் பேர் வரவில்லை. இரவோடு இரவாக எல்லா லயத்திலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். பொதுக் கக்கூஸ் வாசல்களில் வரிசை நின்றது. எங்கள் அப்பாவும் கிடந்தார். பெரும்பாலானவர்களுக்கு மறுநாளே சரியாகிவிட்டது. மிக்கேல்ராஜின் அம்மாவுக்கு மட்டும் சரியாகவில்லை. கோயிலுக்கு வராத அவருக்குத் தூக்குச்சட்டியில்தான் சோறு போயிருந்தது. உடம்பில் நீர் வற்றிப்போய் மலையிறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்து வந்தார். ஆனால் அதற்குப் பிறகு தனியாக எழுந்து நடக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள்.

"அந்த வடக்கத்திக்காரி கையில துணி சுத்தியிருந்தா. நான் பாத்தேன்" என்றாள் ஒருத்தி.

"அவங்க குளிக்கிறதே எப்பவோ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள்.

பூல்மணி கடைசியில், மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் புருசனோடு நின்றிருந்தாள். அவளுக்குப் புரிந்தது தன் பெயர் மட்டும்தான். பெயர் வரும்போதெல்லாம் பேசுபவரின் முகத்தைப் பார்த்தாள்.

மிக்கேல்ராஜ் கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார். தூங்காத கண். "சூசை, நீ சொல்லு. என் ஆத்தா ஆஸ்பத்திரியில கெடக்கா. உன் சமையல்ல குத்தமா?"

மாமா எழுந்தார். பனியன்மேல் போட்டிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"என் சமையல்ல குத்தம் இல்ல அண்ணாச்சி. ருசி பாத்துத்தான் எடுக்கச் சொன்னேன். விளம்புன கையெல்லாம் எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். இனி அசனத்தில் நம்ம ஆட்கள் மட்டும்தான் விளம்ப வேண்டும் என்று கூட்டம் முடிவு செய்தது.

சுகாதார ஆய்வாளர் வந்தது அதற்குப் பிறகு. மலையாளியான நடுவயதுப் பெண். எல்லோரும் எச்.ஐ. மேடம் என்பார்கள். ஸ்டோர் ரூமைத் திறந்து காட்ட மாமா போனார். மலையாளத்தில் ஏதாவது எழுத வேண்டியிருந்தால் உதவட்டும் என்று என்னையும் கூட்டிப்போனார். அன்னாள் அத்தை கூப்பிடாமலே வந்தாள். மேடம் மூலையில் மடித்து வைத்திருந்த கம்பளிகளைப் பார்த்து, "இது எந்தினா?" என்று எதற்கென்று கேட்டார். மாமா சொன்னார். மேடம் மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

"குளிரு வெளியிலதானே சேட்டா? உள்ள இருந்ததுக்கு நீங்க நல்ல தொட்டில் கட்டிக் கொடுத்திட்டீங்க."

"நல்லாக் கொதிச்ச கறி மேடம்."

"கொதிச்சாலும் சில கிருமி விதை மாதிரி பதுங்கிக் கிடக்கும். அடுப்பு சூட்டுல ஒண்ணும் பண்ணாது, நல்ல குளிர்லயும் பண்ணாது. ரெண்டுக்கும் நடுவுல இளஞ்சூடு ஒரு ராத்திரி முழுக்கக் கிடைச்சா மொளைச்சுப் பெருகிடும். வாடை வராது, ருசி மாறாது. அதுதான் இதுல கஷ்டம். நாக்கு வச்சுக் கண்டுபிடிக்க முடியாது."

"அப்போ என்ன செஞ்சிருக்கணும்?" என்று கேட்டது அத்தை.

"ஒண்ணு, அடுப்புல இருந்து நேரா இலைக்கு. வச்சே தீரணும்னா பெரிய அண்டாவுல வைக்காம, அகலமான சின்னப் பாத்திரத்துல பகுத்து ஊத்தி, சட்டுனு ஆறவிட்டு, குளிர்ல வைக்கணும். திரும்ப எடுக்கும்போது வெறுதே சூடாக்கினாப் போராது, நடுவுல குமிழி வந்து கொதிக்கணும்."

மாமா கேட்டார். "அந்தப் பொண்ணு கையில காயம் இருந்துச்சு…"

"காயத்துல இருந்து வந்ததா இருந்தா சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே வாந்தி தொடங்கியிருக்கும். இது ராத்திரி வந்த வயித்துவலி, பேதி. அதுவுமில்லாம, கவர் போட்டிருந்ததா இல்லையா?"

"போட்டிருந்துச்சு" என்றேன் நான். மாமா என்னைப் பார்க்கவில்லை.

"பின்னே என்ன?" என்று எழுந்துவிட்டார் மேடம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அத்தை ஆரம்பித்தாள். "மூடியை எப்படி வைக்கணும்னு தெரிஞ்ச மனுசனுக்கு வாயை எப்பத் தொறக்கணும்னு தெரியலையே. போயிச் சொல்லுங்க."

"சொல்லுதேன்."

"எப்ப?"

"அண்ணாச்சி ஆத்தா ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வரட்டும். சொல்லுதேன்."

அதற்குள் தேயிலைக் காட்டில் பூல்மணி கொடுத்த தண்ணீரை யாரும் வாங்குவதில்லை என்றாகிவிட்டது. கொளுந்து எடைபோடும் இடத்தில் தங்கள் சாக்கை அவள் சாக்கிலிருந்து தள்ளி வைத்தார்கள். தவக்காலம் தொடங்குவதற்குள் அவளும் புருசனும் பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டு உடும்பன்சோலைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

சித்திரையில் மாமா என்னைக் கூப்பிட்டார். "உனக்கு இந்தி தெரியும்லா?" எனக்குத் தெரிந்தது செல்போனில் பார்த்த இந்தி. ஆனாலும் போனேன். பஸ்ஸில் வழிநெடுக, என்ன சொல்ல வேண்டும் என்று தமிழில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "நான் பயந்துட்டேன்மான்னு சொல்லு. இல்ல, அத வேண்டாம். குத்தம் என்னோடதுன்னு மட்டும் சொல்லு."

பூல்மணி ஏலம் காயப்போடும் கொட்டகையில் இருந்தாள். எங்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். முதலில் கையை விரித்துக் காட்டினாள். காயம் ஆறியிருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் குடத்தைத் திறந்தாள். மூடியை மல்லாக்க வைத்தாள். இரண்டு டம்ளரில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்தாள். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்றதைப் பிடித்தபடி, குடிப்பாரா என்று ஒருகணம் தயங்கினாள்.

மாமா வாங்கிக் குடித்தார். முழுக்கக் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வாட்டி, பஸ்ஸு போயிரும்" என்று என்னிடம் சொன்னார்.

நான் இந்தியில் நல்லாயிருக்கியா என்று மட்டும் கேட்டேன். நல்லாயிருக்கேன் என்றாள்.

திரும்பி வரும்போது எனக்குக் கோபம். "இதுக்கா வந்தோம்?"

"கூட்டத்துல சொன்னதுக்கு இவகிட்டத் தனியா மன்னிப்புக் கேட்டா எனக்குப் பாரம் குறையும். இவளுக்கு என்ன குறையும்? கூட்டத்துலதான் திருப்பிச் சொல்லணும். அடுத்த அசனத்துல மைக்குல சொல்லுதேன் பாரு."

அது நியாயமா, சாக்கா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே நேரத்தில் வர முடியும் என்றுதான் தோன்றுகிறது.

அடுத்த திருவிழாவுக்கு மாமா யார் பேச்சையும் கேட்கவில்லை. "யானை வந்தா யானை போனப்புறம் சமைப்போம். பந்தி சாயங்காலம் நடக்கட்டும்" என்றார். கம்பளி எடுத்துவந்த பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். கறி அடுப்பில் கொதித்தபடி இருக்க, அதிலிருந்தே வாளிகளில் மொண்டு போனார்கள். மீந்ததை அகலத் தட்டுகளில் ஊற்றி ஆறவைத்தார். வீட்டுக்குக் கொண்டுபோனவர்களிடம் கொதிக்க வைக்காமல் வாயில் வைக்கக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

பந்தி தொடங்கும் முன் மைக்கைக் கேட்டு வாங்கினார். அன்னாள் அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தாள். மாமா இளஞ்சூடு பற்றிச் சொன்னார். கம்பளி ஏன் கூடாது என்று சொன்னார். "போன வருசம்…" என்று ஆரம்பித்தார். முன்வரிசையில், நாற்காலியோடு தூக்கிவந்து உட்கார வைத்திருந்த மிக்கேல்ராஜின் அம்மா, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"எல்லாரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு உக்காருங்க" என்றார்.

கை தட்டினார்கள். அத்தை என் கையை விட்டுவிட்டு எழுந்து போனாள்.

அந்த மழைக்காலத்தில், ஃபேக்டரியிலிருந்து வீட்டுக்கு ஏறிவரும் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு மூன்று எஸ்டேட் ஆட்கள் வந்தார்கள். அவர் கையால் சாப்பிடாதவர்கள் அதில் யாரும் இல்லை.

பிறகு நான் மிக்கேல்ராஜிடம் போய், எச்.ஐ. மேடம் சொன்னதைச் சொன்னேன். கவரைப் பற்றியும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"அவன் சொல்லலையேம்மா. உயிரோட இருந்தப்ப மைக்கு வாங்கியும் சொல்லல. இப்ப நீ சொன்னா, செத்தவன் பேரைக் கெடுத்த மாதிரில்லா இருக்கும்?"

"உயிரோட இருக்கிறவ பேரு?"

"அவ எங்க இருக்காளோ. அவளுக்கு இங்க என்ன பேரு வேண்டிக்கெடக்கு?"

இந்த வருட அசனத்திலும் கறி கொதித்துக்கொண்டேதான் இருந்தது. சூசை சொன்னபடி, சூசை சொன்னபடி என்று சமையல்காரர்கள் நொடிக்கொருதரம் சொல்லிக்கொண்டார்கள். குழாயில் சாக்ஸும் சோப்பும் தொங்கின. ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் இப்போது கோயிலில் பாதி இடத்தை நிறைக்கிறார்கள். பந்தியில் கறி வந்து சேரத் தாமதமானபோது, அவர்களில் ஒரு வாலிபன் எழுந்து, குழாயடிக்குப் போய் முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து, சும்மா இருந்த ஒரு கரண்டியை எடுத்தான்.

"ஏ தம்பி, நீ உக்காரு. இங்க நம்ம ஆளுகதான் விளம்பணும்" என்று ஒருவர் அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை. வழக்கத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அவன் சிரித்துக்கொண்டே இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். அந்தக் கட்டளை எப்போது வந்தது, யார் சொன்ன எந்த வார்த்தையால் வந்தது என்று அவனுக்குத் தெரியாது. உடும்பன்சோலைப் பக்கத்தில் இருக்கும் பூல்மணிக்கும், மாமா அன்றைக்கு எதற்காக அத்தனை தூரம் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார் என்று இன்னும் தெரியாது.